எஃப் வாங்கிய வீடு

ஜனவரி 12, திங்கள்

விடியற்காலையில் இருந்து மழை. நீலக் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க மறந்துபோனேன், லொறி வந்து போய்விட்டது. யோ. இருந்தால் ஞாயிறு பின்னேரமே வைத்திருப்பார்.

யோ. என்றுதான் எழுதுகிறேன். யோசப் என்று முழுக்க எழுதக் கை வரவில்லை. என் மனுசன். செத்து ஒன்பது கிழமை, இரண்டு மாதம் தாண்டிவிட்டது.

பாங்கில் இருந்து கடிதம். வாடகைக்கு விட்டிருக்கிற பிளேஸ்டோ வீட்டை என் தனிப் பெயருக்கு மாற்றுவதென்றால் செல்லுபடியான எனர்ஜி சேட்டிபிக்கற் வேண்டுமாம். பழையது காலாவதி. அவருடைய பச்சை ஃபைலில் இருந்தது, எடுத்துப் பார்த்தேன். ஏயில் தொடங்கி ஜீயில் முடிகிற தரத்தில் டி என்று போட்டிருக்கிறது. 'கேஸ் பொயிலர்' என்றும் இருக்கிறது. அந்தப் பொயிலரைக் கழற்றி ஆறு வருடம். வருடா வருடம் கேஸ் செக் செய்கிற கரைச்சல் இல்லை என்று சுவருக்குச் சுவர் கரண்ட் ஹீற்றர் பூட்டினார். நல்லது என்று நானும் சொன்னேன்.

செய்ய:
- வீட்டை மதிப்பிடுகிற ஆளுக்கு ஃபோன்
- நித்யாவுக்குச் சொல்ல
- பால், வெங்காயம்
- யோ.வின் மூக்குக்கண்ணாடிகள் (யாரிடம் கொடுப்பது?)

ஜனவரி 13, செவ்வாய்

வேலை. பள்ளிக்கூடக் குசினியில் இன்றைக்குப் பாஸ்டா. எல்லாரும் என்னோடு மெதுவாகப் பேசுகிறார்கள், காய்ச்சல்காரியோடு பேசுவது போல. எனக்கு ஒன்றுமில்லை. பசிக்கிறது, நித்திரை வருகிறது.

பின்னேரம் நித்யாவுக்கு ஃபோன். பிளேஸ்டோ வீட்டில் மூன்று வருடமாக வாடகைக்கு இருக்கிறவள். திருச்சிப் பக்கம். புருஷன் பிரபு வெயார்ஹவுசில் ஷிப்ட் வேலை. இனியா என்று மூன்று வயதில் ஒரு மகள். இதுவரை அவளோடு நான் பேசியதே இல்லை என்று சொல்லலாம். எல்லாம் யோ.தான்.

"வியாழக்கிழமை ஒரு ஆள் வருவார், பிள்ளை. வீட்டை அளந்து பாத்து, குளிருக்கு எப்பிடி, கரண்ட் எவ்வளவு இழுக்கும் எண்டு ஒரு எழுத்துப் போடுவினம்."



"ஃபெயில் ஆனா என்ன ஆகும் ஆன்ட்டி?"

"ஈக்குக் கீழ வந்தா வாடகைக்கு விடக்கூடாதாம்."

"அப்போ நாங்க?"

பாத்துச் சொல்லுறன் என்று வைத்துவிட்டேன்.

இரவுக்குப் பாண், முட்டை.

ஜனவரி 15, வியாழன்

கடும் காற்று. லீவு போட்டேன். நான் இருக்கிற ஹரோவில் மெற்றோபொலிற்றன் ரெயின் எடுத்து, நடுவில் மாறி, பிளேஸ்டோ. ஒரு மணித்தியாலத்துக்கு மேல். ஸ்ரேஷன் வாசலில் இருந்து கால் தானாக நடந்தது. பதினொரு வருடம் நடந்த வழி.

மதிப்பிட வந்தவர் தயாபரன். ஜெர்மனியில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தார். சிவப்பு வெளிச்சம் அடித்து ஒவ்வொரு அறையாக அளந்தார். சுவரைத் தட்டினார். யன்னல் கண்ணாடிக்குக் கிட்ட நெருப்புப்பெட்டிக் குச்சியைக் கொளுத்திப் பார்த்தார், ஒற்றைக் கண்ணாடியா இரட்டையா என்று. பின் பக்கம் ஒற்றை.

ஏணியில் ஏறிக் கூரைக்குக் கீழே லொஃப்டுக்குள் தலையை விட்டார். அங்கிருந்தே கேட்டார்: "அக்கா, இஞ்ச குளிர் தடுக்கிற இன்சுலேஷன் பஞ்சு போட்டதெண்டு பழைய சேட்டிபிக்கற்றில கிடக்கு."

"ஓம், போட்டதெண்டுதான் நினைக்கிறன்."

"சூட்கேசுகளுக்குக் கீழ நசிஞ்சுபோய் கொஞ்சம் கிடக்கு. மிச்ச இடம் வெறும் பலகை. கண்ணால பாக்காததை நான் எழுத ஏலாது."

அந்தச் சூட்கேசுகள் எங்களுடையவை.

சின்ன அறையில் பெயின்ட் மணம். ஒரு சுவர் மட்டும் பளிச்சென்று வெள்ளை.

"இப்பதான் அடிச்சனீங்களோ?" என்று நித்யாவைக் கேட்டேன்.

"ஆமா ஆன்ட்டி. பாப்பா கிறுக்கி வச்சிட்டா, அதான்."

அவளுடைய நகங்களுக்குள் வெள்ளை. தயாபரன் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

"ஈரம்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பூஞ்சணத்தைப் பற்றி என்ர லிஸ்டில கேள்வி இல்லை அக்கா. சுவர் என்ன சுவர், எவ்வளவு தடிப்பு, அதுதான் கேக்கும்."

நித்யாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். வீணாகத்தான் அடித்திருக்கிறாள்.

மூன்று பேரும் கடைசிவரை கோட்டைக் கழற்றவில்லை. பிள்ளை தொப்பியோடு தரையில் இருந்து விளையாடியது. இருமல். நெஞ்சுக்குள் இருந்து வருகிற இருமல். எனக்குத் தெரிந்த இருமல்.

ஜனவரி 16, வெள்ளி

மழை இல்லை. எஃப்.

ஈமெயிலில் வந்தது. பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடிகிற படம், கீழே இருந்து இரண்டாவது படியில் எங்கள் வீடு. பொயிலர் போனதும் லொஃப்ட் வெறும் பலகையாகக் கிடப்பதும்தான் காரணமாம். என்னென்ன செய்யலாம் என்று கீழே பட்டியல். லொஃப்டுக்கு முழுக்க இன்சுலேஷன். இரவு மலிவுக் கரண்டில் சூடேறிப் பகலில் சூட்டை விடுகிற ஹீற்றர்கள். இந்த இரண்டும் செய்தால் ஈ வந்துவிடும், டி கூட வரலாம் என்று தயாபரன் ஃபோனில் சொன்னார். வெளிச்சுவருக்கு உள்ளால் இன்சுலேஷன் செய்வதும் பட்டியலில் உண்டு. ஆனால் அது இல்லாமலே பாஸ்.

ஜெரோமுக்குச் சொன்னேன். மூத்தவன், ரெடிங்கில் இருக்கிறான். கார் ஓட்டிக்கொண்டே பேசினான்.

"அம்மா, ஜஸ்ட் செல் இற். அவைக்கு நோட்டீஸ் குடுங்கோ. எம்ப்டியா இருந்தா ஈஸியா விக்கலாம். உங்களுக்கு ஏன் இந்த ஸ்ட்ரெஸ்?"

ஸ்ட்ரெஸ் ஒன்றும் இல்லை என்றேன். உண்மைதான். மரத்த பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பது போல இருக்கிறது.

வெங்காயம் இன்னும் வாங்கவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

பனி. சர்ச்சில் பூசை. யோ.வுக்காகவும் மன்றாடினார்கள். பெயரைச் சொன்னபோது வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

பூசை முடியக் கோப்பியோடு எமில் அண்ணை வந்தார். அவருக்கும் ஈஸ்ற்ஹாமில் வீடுகள் உண்டு. வாடகைக்கு விடுகிறவர். விசயம் எப்படியோ அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"எஃப் எண்டு வந்ததாமே? உதுக்கேன் யோசிக்கிறீர். ஒரு ஆள் இருக்கிறார். வீட்டுக்கு வராமலே ஈ போட்டுத் தருவார். யோசப்பும் உயிரோட இருந்தா அதைத்தான் செய்திருப்பான்."

பாட்டுத் தாளின் மூலையைக் கிழித்து நம்பர் எழுதித் தந்தார். நல்ல மனதோடுதான் தந்தார். கோட்டுப் பையில் இருக்கிறது.

யோசப்பும் அதைத்தான் செய்திருப்பான். இருக்கலாம்.

கீழே இருப்பதை ஒருவரிடமும் சொன்னதில்லை. எழுதி வைக்கிறேன்.

அந்தச் சின்ன அறை ரெஜினாவுடையது. எங்கள் இளையவள். ஒவ்வொரு குளிருக்கும் மூச்சு இழுப்பு. இரண்டு தரம் ஆம்புலன்ஸ். 'அறையை மாற்றுங்கள், முடிந்தால் வீட்டையே மாற்றுங்கள்' என்றார் டொக்டர். நாங்கள் ஹரோவுக்கு வந்தது நல்ல பள்ளிக்கூடம் என்று எல்லாருக்கும் சொன்னோம். அது பொய். குளிருக்குப் பயந்து வந்தோம். இங்கே வந்த முதல் குளிரிலேயே அவளுக்கு இழுப்பு நின்றுவிட்டது.

அதே மாதம் பிளேஸ்டோ வீட்டுக்கு விளம்பரம் போட்டோம். யோ.வுக்கு எழுத வராது. எழுதியது நான். 'பிள்ளைகளுக்கு ஏற்ற சின்ன அறை உண்டு.'

இதை எழுதி முடித்ததும் ஏதாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை. உடுப்புத் தோய்க்கப் போட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, மணி அடித்தது. வாசலில் நித்யா. தள்ளுவண்டியில் இனியா. பிளேஸ்டோவில் இருந்து இவ்வளவு தூரம், இரண்டு ரெயின் மாறி.

உள்ளே வந்தும் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"ஆன்ட்டி, ஒரு பொய் சொல்லிட்டேன். பாப்பா கிறுக்கல. சுவர் பூரா கருப்பு கருப்பா இருந்துச்சு. அளக்க வர்றவர் பார்த்தா ஃபெயில் போட்டுடுவாருன்னு நானும் என் வீட்டுக்காரரும் தேய்ச்சுட்டு பெயின்ட் அடிச்சோம்."

"ஏன் பிள்ளை முந்தியே எங்களுக்குச் சொல்லேல்லை?"

"எப்படிச் சொல்றது? எங்களுக்கு முன்னாடி இருந்த அக்கா கம்ப்ளைன்ட் பண்ணினதாலதான் காலி பண்ணச் சொன்னாங்கன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க."

அவள் கிட்ட வந்தாள்.

"எப்படியாவது ஈ வாங்கிடுங்க ஆன்ட்டி. காசு குடுத்தா குடுக்கிறாங்களாமே. குளிர் எங்களுக்குப் பழகிடுச்சு. இந்த வாடகைக்கு வேற வீடு கிடைக்காது. பாப்பாவுக்கு நர்சரி இப்பதான் கிடைச்சிருக்கு."

எமில் அண்ணை சொன்னதும் இவள் கேட்பதும் ஒன்று. நான் ஓம் என்றால் எல்லாருக்கும் சந்தோசம். நம்பர் கோட்டுப் பையில். கோட்டு என் மேலேயே இருந்தது.

இனியா யோ.வின் கதிரையில் ஏறி நித்திரையாகிவிட்டாள். மூச்சு விடும்போது உள்ளே மெல்லிய விசில் சத்தம். நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"நான் உங்களை எழுப்பமாட்டன்," என்றேன். அவளுக்கு விளங்கவில்லை, பிள்ளையைப் பார்த்தாள். "வீட்டால எழுப்பமாட்டன். காலி பண்ணச் சொல்லமாட்டன். வீட்டைத் திருத்துவன். திருத்தித்தான் ஈ எடுப்பன்."

"எழுதித் தருவீங்களா?"

நல்ல பெண். கேட்டாள். கொப்பித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதுவரை எந்தத் தாளிலும் யோ.வின் கையெழுத்துக்குக் கீழேதான் என்னுடையது.

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு யோ.வின் ஃபோனைச் சார்ஜ் போட்டுத் திறந்தேன். எங்கள் கல்யாணத் திகதிதான் திறக்கிற நம்பர். 'சுதா பிளேஸ்டோ.' மன்னார்ப் பெண், நித்யாவுக்கு முதல் மகனோடு அந்த வீட்டில் இருந்தவள். சுவரின் படங்கள் ஏழு அனுப்பியிருக்கிறாள். கறுப்பு, மூலையில் இருந்து கட்டில்வரை. 'அண்ணை, பிள்ளை இரவிரவாக இருமுறான், ஒருக்கா வந்து பாருங்கோ.' யோ.வின் பதில்: 'மார்ச் முடிய வீட்டால எழும்புங்கோ.'

அவர் அதை அனுப்பிய அன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னவர். எனக்கு ஞாபகம் இருக்கிறது. 'கரைச்சல் பிடிச்ச ஆக்கள், எழுப்பிறதுதான் நல்லம்' என்று நானும் சொன்னேன். சொல்லிவிட்டு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 21, புதன்

மேகம். எமில் அண்ணையின் தாளைக் குப்பைக்குள் போட்டேன். பிறகு வெளியே எடுத்துக் கிழித்துப் போட்டேன்.

ஜெரோமிடம் சொன்னேன். லொஃப்ட், ஹீற்றர்கள், பின் யன்னல், சின்ன அறைச் சுவர்.

"சுவர் எதுக்கு? அது இல்லாமலே ஈ வரும் எண்டு அந்த ஆளே சொன்னவர் எல்லோ?"

"சுவர்தான் முதல்."

"அம்மா, யூ ஆர் நொட் திங்கிங் ஸ்றெயிற். அப்பா போன பிறகு பெரிய முடிவு எடுக்கக்கூடாதெண்டு எல்லாரும் சொல்லுகினம்."

"ரெஜினாவுக்கு எத்தினை தரம் ஆம்புலன்ஸ் வந்தது எண்டு உனக்கு ஞாபகம் இருக்கோ?"

அவனுக்கு அப்போது பதினொரு வயது. படிக்கட்டில் நின்று பார்த்தவன். காரின் இண்டிகேற்றர் சத்தம் கேட்டது.

"ஓக்கே. ஐ ஹாவ் ரு கோ, அம்மா."

இரண்டு கிழமை ஃபோன் எடுக்கமாட்டான் என்று நினைக்கிறேன்.

பெப்ரவரி 2, திங்கள்

உறைபனி. வேலை தொடங்கியது. தயாபரன் காட்டிய இரண்டு வேலையாட்கள், அண்ணன் தம்பி. லொஃப்டில் இருந்து எங்கள் சூட்கேசுகள் இறங்கின. ஒன்றுக்குள் பிள்ளைகளின் பழைய குளிர் உடுப்பு. மற்றது வெறுமை. வெறும் சூட்கேசை இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறோம்.

சின்ன அறைச் சுவரைச் சுரண்டும்போது தூசி பிள்ளைக்குக் கூடாது. நாளையில் இருந்து நித்யாவும் இனியாவும் ஹரோவில் என்னோடு. பிரபு ஷிப்டுக்கு வசதி என்று அங்கேயே நிற்கிறான். நித்யா மூன்று தரம் கேட்டாள், "திரும்பி வந்திடலாம்ல?" என்று. வீட்டுத் திறப்பு உன்னிடம்தானே இருக்கிறது என்றேன்.

பெப்ரவரி 4, புதன்

தூறல். வேலை முடியப் பிளேஸ்டோ போனேன். மூத்த வேலையாள் கூப்பிட்டுக் காட்டினான். தகட்டுக் கரண்டியால் சுவரைப் படை படையாக உரித்திருந்தான். மேலே நித்யாவின் வெள்ளை. அதன் கீழே கறுப்பு. பிறகு மஞ்சள். அது சுதாவாக இருக்க வேண்டும். அதன் கீழும் கறுப்பு. கடைசியில் இளநீலம்.

இளநீலம் எங்களுடையது. மேலே யோ. அடித்தார், கீழ்ப்பக்கம் நான் அடித்தேன். ரெஜினா ஆஸ்பத்திரியில் இருந்து வருவதற்கு முன் முடிக்க வேண்டும் என்று ஒரே நாளில் அடித்தோம். அடித்து முடிய வடிவாக இருக்கிறது என்று இரண்டு பேரும் நின்று பார்த்தோம்.

"இதுக்கு முன்னமும் யாரோ அடிச்சிருக்கினம்," என்று நீலத்தைச் சுரண்டிக் காட்டினான். பச்சை. யாரென்று தெரியாது.

ரெயினில் ஹரோ வரும்வரை நின்றுகொண்டே வந்தேன். இருக்க இடம் இருந்தது.

பெப்ரவரி 6, வெள்ளி

வீட்டில் இரைச்சல். இனியா எல்லா அலுமாரியும் திறக்கிறாள். யோ.வின் கண்ணாடிகளை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். நித்யா பதறி ஓடி வந்தாள். விடு பிள்ளை என்றேன்.

நித்யா தக்காளி ரசம் வைத்தாள். என்னுடையதைவிடப் புளிப்பு. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

இருமல் நேற்று மூன்று தரம். இன்றைக்கு ஒருதரம். எண்ணுகிறேன் என்று நித்யாவுக்குத் தெரியாது. அவளும் எண்ணுகிறாள்போல.

பெப்ரவரி 9, திங்கள்

அவர்கள் திரும்பிப் போனார்கள். பிரபு வந்து கூட்டிக்கொண்டு போனான். "ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி," என்றான். நன்றி சொல்ல ஒன்றுமில்லை, இது நாங்கள் செய்ய வேண்டிய வேலை, பிந்திவிட்டது என்றேன். அவனுக்கு எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சிரித்தான்.

வீடு அமைதி. ரீவியைப் போட்டுவிட்டுப் பார்க்கவில்லை.

பெப்ரவரி 13, வெள்ளி

மூடுபனி. தயாபரன் திரும்ப வந்து அளந்தார். டி. சுவர் செய்ததால் ஈக்கு மேலேயே ஏறிவிட்டது என்றார். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுத்தான் அளந்தார். அவர் அதைக் கவனிக்கவில்லை.

பாங்குக்கு அனுப்பிவிட்டேன். நித்யாவுக்கு ஒரு பிரதி. ஜெரோமுக்கும் அனுப்பினேன். பதிலுக்குப் பெருவிரல் படம் ஒன்று போட்டிருக்கிறான். அவ்வளவுதான்.

பெப்ரவரி 15, ஞாயிறு

வெயில், சூடில்லை. பூசைக்குப் போகவில்லை. பதினொரு மணிபோல் சுதாவுக்கு ஃபோன் அடித்தேன். யோ.வின் ஃபோனில் இருந்து அல்ல. நம்பரைத் தாளில் எழுதி, என்னுடையதில் இருந்து.

"சுதாவோ? நான் செலின். பிளேஸ்டோ வீட்டு..."

"ஓம். தெரியுது."

பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம். பிறகு அது நின்றது.

"அண்ணை செத்தது கேள்விப்பட்டனாங்கள்," என்றாள். "வரேல்லை."

"பரவாயில்லை."

"மறந்துபோய் இல்லை. வரக்கூடாதெண்டுதான் வரேல்லை."

"ஓம்," என்றேன். பிறகு, "அந்தச் சின்ன அறையைத் திருத்திப்போட்டம், சுதா. சுவர் முழுக்க உரிச்சு."

"இப்பவோ?"

கோபமாகக் கேட்கவில்லை. நேரம் கேட்பது போலக் கேட்டாள்.

"ஓம். இப்பத்தான்."

யோ. பிழை விட்டுவிட்டார் என்று சொல்ல யோசித்து வைத்திருந்தேன். செத்தவர், தாங்குவார். வாய் வேறு மாதிரிச் சொன்னது.

"உங்களை எழுப்பச் சொல்லி நானும்தான் சொன்னனான். அந்த அறை என்ன அறை எண்டு தெரிஞ்சுகொண்டு சொன்னனான்."

வைத்துவிட்டாளோ என்று ஃபோனைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"மகன் எப்பிடி?" என்று கேட்டேன்.

"வளந்திட்டான். என்னைவிட உயரம்." கொஞ்சம் பொறுத்து, "இழுப்புக்குப் பம்ப் இன்னும் அடிக்கிறான். காலமை ரெண்டு, பின்னேரம் ரெண்டு."

பிறகு வேறு யாருக்கோ, "வாறன், சப்பாத்தைப் போடு," என்றாள்.

"அவனுக்கு புட்போல் மட்ச் இருக்கு. வைக்கிறன்."

வைத்துவிட்டாள். நான் ஃபோனைக் காதில் இருந்து எடுக்கவில்லை.